பாலாற்றங்கரைத் தோல் தொழிலும் ஆஸ்துமாவும்: நிறுவனங்கள் கைகோக்க வேண்டிய இடங்கள்

ஆஸ்துமாவை ஒரு மருத்துவமனையோ ஒரு தொழிற்சாலையோ ஓர் அரசுத் துறையோ தனித்து நின்று கட்டுக்குள் கொண்டுவர இயலாது என்பதற்கு, வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, வேலூர், மேல்விஷாரம், இராணிப்பேட்டை எனப் பாலாற்றுப் படுகையில் நீளும் தோல் தொழில் வட்டாரத்தைக் காட்டிலும் பொருத்தமான சான்று தமிழ்நாட்டில் அரிது. தொழிலாளியின் நெஞ்சில் எழும் இரைப்பைக் கேட்பவர் மருத்துவர். அந்த இரைப்புக்குக் காரணமான காற்று உலவும் கூடத்துக்குப் பொறுப்பானவர் ஆலை உரிமையாளர். அக்கூடத்துக்குள் நுழைந்து பார்க்கும் அதிகாரம் படைத்தவர் தொழிலக ஆய்வாளர். அங்கே பயன்படும் இரசாயனத்தின் இயல்பை அறிந்தவர் தோல் தொழில்நுட்ப வல்லுநர். நோயால் வருமானம் குறைந்தால் ஈடுசெய்யக் கடமைப்பட்டது காப்பீட்டுக் கழகம். இந்த ஐந்து தரப்பும் ஒன்றோடொன்று பேசாதிருக்கும் வரை, ஒவ்வொன்றும் தன் பணியைக் குறைவறச் செய்தாலும், தொழிலாளி மருந்து வாங்கிக்கொண்டு அதே காற்றுக்கே திரும்பிச் செல்வார். 2019 நவம்பரில் பழைய வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிக்கப்பட்டதில் ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்துக்கும், மேல்விஷாரமும் இராணிப்பேட்டையும் இராணிப்பேட்டை மாவட்டத்துக்கும் போய்விட, பேரணாம்பட்டு மட்டும் வேலூரோடு நின்றது. ஒரே தொழில் மூன்று ஆட்சியர் அலுவலகங்களின் கோப்புகளில் பிரிந்திருப்பதும் இந்தப் பேச்சின்மையை எளிதாக்குகிறது.

ஆஸ்துமா என்பது நுரையீரலுக்குள் காற்றைக் கொண்டுசெல்லும் மூச்சுக்குழாய்களின் உட்சுவர் நெடுநாள் அழற்சியால் வீங்கி, பிறருக்குத் தீங்கு செய்யாத சிறு தூண்டுதலுக்கும் சட்டெனச் சுருங்கிக்கொள்ளும் நிலை. அச்சுருக்கம் தானாகவோ மருந்தாலோ மீண்டும் விரியக்கூடியது என்பதே இதைப் பிற நுரையீரல் நோய்களிலிருந்து பிரித்துக் காட்டும் குறி. 2019ஆம் ஆண்டில் உலகெங்கும் சுமார் 26.2 கோடிப் பேர் இந்நோயோடு வாழ்ந்ததாகவும் 4.55 இலட்சம் பேர் இதனால் இறந்ததாகவும் உலக சுகாதார நிறுவனம் கணித்தது. இந்தியாவில் நோயுற்றோர் ஏறத்தாழ 3.4 கோடிப் பேர் என்பது அதே காலத்து மதிப்பீடு. ஆம்பூர்ப் பகுதியில் மக்கள் வாயில் இதன் பெயர் பெரும்பாலும் ‘வீசிங்’ அல்லது ‘இரைப்பு’ என்றே வழங்குகிறது. ‘ஆஸ்துமா’ என்ற சொல் மணவாழ்வுக்கும் வேலைக்கும் தடையான தீராப் பழியாகக் கருதப்படுவதால் மருத்துவரே சில வேளை அச்சொல்லைத் தவிர்க்கிறார். பெயரைத் தவிர்ப்பதோடு, அழற்சியை நாள்தோறும் தணிக்கும் தடுப்பு மருந்தும் தவிர்க்கப்பட்டு, மூச்சு முட்டும்போது மட்டும் குழாயை விரிக்கும் மருந்தைக் கொண்டே ஆண்டுகள் கழிகின்றன.

வேலையிடத்தால் வரும் ஆஸ்துமா இரு வகைப்படும். முதல் வகையில், ஒரு பொருளைப் பல மாதங்களோ ஆண்டுகளோ சுவாசித்த பிறகு உடல் அதனை எதிரியாக அடையாளம் கண்டுகொள்கிறது. அதன்பின் மிகச் சிறிய அளவும் மூச்சுக்குழாயைச் சுருக்கப் போதுமானதாகிவிடுகிறது. இப்படி உடலைப் பழக்கும் பொருளை ஒவ்வாமையூட்டி என்றும், நோய் வெளிப்படாத இடைப்பட்ட காலத்தை மறைகாலம் என்றும் குறிப்பிடலாம். இரண்டாம் வகையில், அமோனியா போன்ற எரிச்சலூட்டும் ஆவியைப் பேரளவில் ஒரே முறை சுவாசித்தாலும் குழாயின் உட்சுவர் புண்ணாகி நோய் தொடங்கும். இவ்விரண்டுக்கும் அப்பால், சிறுவயதிலிருந்தே ஆஸ்துமா உள்ளவரின் நோய் வேலையிடக் காற்றால் முற்றுவதும் உண்டு. அமெரிக்க, ஐரோப்பிய சுவாசநோய்ச் சங்கங்கள் 2019இல் கூட்டாக வெளியிட்ட அறிக்கை, பெரியவர்களுக்குப் புதிதாக வரும் ஆஸ்துமாவில் சுமார் 16 விழுக்காட்டுக்கு வேலையிடச் சூழல் காரணம் என்று கணித்தது. கராச்சி நகரின் தோல் ஆலைகளில் நடந்து 2006இல் வெளியான ஆய்வு, அங்குள்ள ஆண் தொழிலாளரில் பத்தில் ஒருவருக்கு ஆஸ்துமா இருப்பதைக் கண்டது.

பாலாற்றங்கரையில் இந்நோய்க்கான வாய்ப்பு எப்படிப் பெருகியது என்பதற்கு ஒரு வணிக வரலாறு உண்டு. கடுக்காயும் ஆவாரம்பட்டையும் கொண்டு பதனிட்ட ‘கிழக்கிந்தியத் தோல்’ என்னும் அரைகுறைத் தோலையே இப்பகுதி நெடுங்காலம் ஐரோப்பாவுக்கு அனுப்பிவந்தது. தோலைத் தேய்த்து மெருகேற்றிச் சாயமும் பூச்சும் தெளிக்கும் இறுதி வேலைகள் கடல் கடந்த நாடுகளில் நடந்தன. 1972இல் சீதாராமையா குழு அளித்த பரிந்துரையைத் தொடர்ந்து, அரைகுறைத் தோலின் ஏற்றுமதியைக் குறைத்து முழுமையாக முடித்த தோலையும் காலணியையும் ஏற்றுமதி செய்யும் கொள்கையை இந்திய அரசு கைக்கொண்டது. அக்கொள்கை நாட்டுக்கு அந்நியச் செலாவணியையும் ஆம்பூர்ப் பெண்களுக்குக் காலணித் தொழிற்சாலைகளில் மாதச் சம்பளத்தையும் கொண்டுவந்தது. இதன் பயனை எவ்வகையிலும் குறைத்து மதிப்பிடுதல் தகாது. ஆயினும், நுரையீரலை மிகுதியாகத் தாக்கும் வேலைகள் தோல் தொழிலின் எந்தக் கட்டத்தில் உள்ளனவோ அந்தக் கட்டமே அக்கொள்கையால் கடல் தாண்டி இங்கு வந்து சேர்ந்தது.

அவ்வேலைகளின் தன்மை தெரிந்தால்தான் எந்த நிறுவனம் எங்கே தலையிட வேண்டும் என்பது விளங்கும். முடி நீக்கும் கட்டத்தில் சுண்ணாம்போடு சோடியம் சல்பைடு சேர்க்கப்படுகிறது. பின்னர்ச் சுண்ணாம்பை நீக்க அமோனிய உப்புகளை டிரம்மில் இடும்போது அமோனியா ஆவி எழுகிறது. எஞ்சிய சல்பைடோடு அமிலம் கலந்துவிட்டால் உயிர் குடிக்கும் ஐதரசன் சல்பைடு வெளிப்படும். குரோமியம் உப்பால் பதனிட்டு உலர்த்திய தோலை மணல்தாள் உருளையில் தேய்க்கும் பஃபிங் பிரிவில் நுண்ணிய தோல்தூள் பறக்கிறது. அத்தூளில் பதனிடு பொருளும் சாயமும் ஒட்டிக்கொண்டிருப்பதால் வெறும் தூசியாக அதனைக் கருத இயலாது. அடுத்த ஸ்ப்ரே பிரிவில் பூச்சு நீடித்து நிற்பதற்காக ஐசோசயனேட் கொண்ட கடினப்படுத்திகள் சேர்க்கப்படுவதுண்டு. இதே ஐசோசயனேட் வகை, காலணி ஆலையில் பாலியூரித்தேன் அடிப்பாகத்தை வார்க்கும் இடத்திலும், பேஸ்டிங் பகுதியில் ‘சொல்யூஷன்’ என்று தொழிலாளர் அழைக்கும் சில பசைகளின் கடினப்படுத்தியிலும் இருக்கிறது. உலகில் வேலையிட ஆஸ்துமாவை உண்டாக்குவதாக மிக நன்றாக ஆராயப்பட்ட பொருள்களுள் ஐசோசயனேட்டும் ஒன்று. கண்ணுக்குத் தெரியும் தூசியைக் காட்டிலும் மணம் குறைந்த இந்த ஆவியே அதிகக் கவலைக்குரியது. தூசிக்குத் துணியால் மூக்கைக் கட்டிக்கொள்ளும் தொழிலாளி, அத்துணி இந்த ஆவிக்குத் தடையாகாது என்பதை அறிய வாய்ப்பில்லை.

இவ்வட்டாரத்து நிறுவனங்களுக்குக் கூடிச் செயல்படத் தெரியாது என்று எவரும் கூற இயலாது. பாலாற்று மாசு குறித்து வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் 1991இல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று வெளிவந்த தீர்ப்பு, முன்னெச்சரிக்கைக் கோட்பாட்டையும் மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்ற கோட்பாட்டையும் இந்தியச் சட்டத்தின் பகுதியாக்கியது. அவ்வழக்கு நடந்த ஆண்டுகளிலும் அதன் பின்னரும், போட்டியாளர்களான சிறிய தோல் ஆலைகள் தத்தமக்குள் நிறுவனம் அமைத்து, மத்திய மாநில அரசுகளின் மானியத்தையும் வங்கிக் கடனையும் தம் பங்குத்தொகையையும் சேர்த்துப் பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களைக் கட்டின. அக்காலத்தை ஒட்டியே, பென்டாகுளோரோபீனால் என்னும் பூஞ்சைக்கொல்லி கலந்த தோலை 1990ஐ ஒட்டிய காலத்தில் ஜெர்மனி தடைசெய்தபோதும், 1994இல் சிலவகை அசோ சாயங்களைத் தடைசெய்தபோதும், ஏற்றுமதியாளர், இரசாயன விற்பனையாளர், சென்னை அடையாற்றிலுள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம், அரசு ஆகிய அனைத்தும் இணைந்து மாற்றுப் பொருளைக் கண்டு சில ஆண்டுகளில் தொழிலையே மாற்றியமைத்தன. நீரின் துயரம் இன்னும் தீரவில்லை; 2025 ஜனவரியிலும் உச்ச நீதிமன்றம் இதே மாசு குறித்து மீண்டும் தீர்ப்புரைக்க வேண்டியிருந்தது. எனினும், கூட்டு முயற்சி நடந்தது என்பது வரலாறு. ஜெர்மானியரின் தோலில் படும் நச்சுக்காகக் கூடிய கூட்டணி, ஆம்பூர்த் தொழிலாளியின் மூச்சுக்குழலில் படும் நச்சுக்காக ஏன் கூடவில்லை என்ற கேள்வி இங்கு எழுந்தே தீரும்.

அதற்கான விடை நோயின் தன்மையிலேயே பெரிதும் அடங்கியிருக்கிறது. ஆறு நிறம் மாறினால் கிராமமே பார்க்கிறது. கிணற்று நீரை நீதிமன்றத்தில் புட்டியில் வைக்கலாம். மூச்சுத் திணறலோ ஒவ்வொருவராகத் தனித்தனி மருத்துவமனைக்குப் போய், தனித்தனிச் சீட்டில் எழுதப்பட்டுக் கலைந்துவிடுகிறது. 1700ஆம் ஆண்டில் இத்தாலிய மருத்துவர் பெர்னார்தினோ ரமாத்சினி, தொழிலாளர் நோய்கள் பற்றிய தம் நூலில், நோயாளியிடம் மருத்துவர் கேட்கும் வழக்கமான கேள்விகளோடு ‘என்ன தொழில் செய்கிறீர்?’ என்பதையும் சேர்க்குமாறு வலியுறுத்தினார்; தோல் பதனிடுவோரின் துன்பத்தையும் அவர் அந்நூலில் பதிவுசெய்தார். கூட்டம் நிறைந்த புறநோயாளர் பிரிவில் அக்கேள்வி இன்றும் எளிதில் விடுபடுகிறது. கேட்கப்பட்டாலும் ‘ஷூ கம்பெனி’ என்ற விடையோடு நின்றுவிடுகிறது. பேஸ்டிங்கா, தையலா, பஃபிங்கா என்ற அடுத்த கேள்விதான் நோயின் காரணத்தைக் காட்டக்கூடியது.

சிதறிய சீட்டுகளை ஒன்றுசேர்த்தால் என்ன நிகழும் என்பதற்கு ஸ்பெயின் நாட்டுப் பார்சிலோனா நகரம் சான்று. 1981 முதல் 1987 வரை அந்நகரில் 26 முறை, ஒரே நாளில் பலர் கடும் ஆஸ்துமாவோடு அவசரப் பிரிவுகளுக்கு வந்தனர். மருத்துவமனைகளின் பதிவுகளைத் துறைமுகத்தின் சரக்குப் பதிவோடும் காற்று வீசிய திசையோடும் ஆய்வாளர் ஒப்பிட்டபோது, அந்நாள்களில் எல்லாம் துறைமுகத்தில் சோயா மொச்சை இறக்கப்பட்டதும், தூசி வடிகட்டி இல்லாத ஒரு களஞ்சியத்திலிருந்து அதன் தூள் நகரெங்கும் பரவியதும் தெரியவந்தன. களஞ்சியத்துக்கு வடிகட்டி பொருத்தப்பட்டபின் அந்நோயலைகள் நின்றன. அந்நகரத்தைக் காத்ததில் புது மருந்துக்குப் பங்கில்லை. மருத்துவமனையும் துறைமுகமும் தம் ஏடுகளை ஒரே மேசையில் விரித்ததே அதனைக் காத்தது.

ஆம்பூருக்கு அம்மேசையை எவ்வாறு அமைப்பது? சட்டத்தில் அதற்கான கால்கள் ஏற்கெனவே உள்ளன. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தின் 89ஆம் பிரிவு, அட்டவணையில் கண்ட நோயைத் தொழிலாளியிடம் காணும் மருத்துவர் தலைமை ஆய்வாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று விதித்தது; ஐசோசயனேட் நச்சு அவ்வட்டவணையில் இடம்பெற்றது. தொழில் பாதுகாப்பு, சுகாதாரம் குறித்த 2020ஆம் ஆண்டின் சட்டத் தொகுப்பும் இக்கடமையைத் தொடர்கிறது. தொழிலாளர் அரசு ஈட்டுறுதிச் சட்டம், அதாவது மக்கள் இ.எஸ்.ஐ. என்று அறியும் திட்டத்துக்கு அடிப்படையாக இருந்த சட்டம், தன் மூன்றாம் அட்டவணையில் வேலையிட ஆஸ்துமாவைத் தொழில்சார் நோயாக வெளிப்படையாகவே குறிப்பிட்டது. நோய் தொழிலால் வந்தது என்று நிறுவப்பட்டால் வேலையிட விபத்துக்கு நிகரான இழப்பீடு உண்டு. இவ்வளவும் ஏட்டில் இருந்தும் தொழிலாளி நோயை மறைக்கிறார் என்றால், அதற்குக் காரணம் அறியாமை மட்டுமன்று. நோய் வெளியே தெரிந்தால் வேலை போய்விடும், வேலை போனால் இ.எஸ்.ஐ. அட்டையும் போய்விடும் என்று அவர் கணக்கிடுகிறார். அந்தக் கணக்கில் பிழை இல்லை. ஆகவே எந்தக் கூட்டணியும் முதலில் தீர்க்க வேண்டியது இந்த அச்சத்தை. மருத்துவமனைகள் பெயர்களை அனுப்பாமல், எந்த வேலைப் பிரிவிலிருந்து எத்தனை பேர் இரைப்போடு வந்தனர் என்ற எண்ணிக்கையை மட்டும் மாதந்தோறும் ஒரு பொதுக் குழுவுக்கு அனுப்பினால், ஆய்வாளர் செல்ல வேண்டிய கூடம் எது என்பது தெரியும். தனி மனிதர் எவரும் வெளிப்பட மாட்டார். தனி மனிதரின் இழப்பீட்டு விண்ணப்பம் அவர் விரும்பும்போது தனி வழியில் செல்லலாம்.

ஆலையின் ஒத்துழைப்பு நல்லெண்ணத்தால் மட்டும் வேண்டப்படுவதன்று. அஃதின்றி நோயையே உறுதிசெய்ய இயலாது. வேலையிட ஆஸ்துமாவை அறியும் எளிய வழி, மூச்சை வேகமாக ஊதி அளக்கும் பீக் ஃப்ளோ மீட்டர் என்னும் சிறு குழாய்க்கருவியில், வேலை நாளிலும் விடுமுறை நாளிலும் நாளுக்கு நான்கு முறையாகச் சில வாரங்கள் அளந்து குறித்துவருவது. ஞாயிற்றுக்கிழமையும் பண்டிகை விடுப்பிலும் உயர்ந்து, திங்கள் தொட்டு இறங்கும் கோடு, எந்தக் கூடம் நோய்க்குக் காரணம் என்பதை மருத்துவருக்குச் சொல்லிவிடும். இதற்கு மின்சாரமும் ஆய்வகமும் வேண்டா. ஆனால் நான்கு அளவுகளில் இரண்டு வேலை நேரத்தில் எடுக்கப்பட வேண்டியவை. ஓடும் வரிசையிலிருந்து பேஸ்டிங் செய்யும் பெண் இரண்டு நிமிடம் விலகி நின்று ஊத, மேற்பார்வையாளரின் இசைவு வேண்டும். எத்தனை ஒப்பந்தங்களில் கையொப்பமிட்டாலும், அந்த இரண்டு நிமிடம் கிடைக்காவிட்டால் கூட்டணி கிடைத்ததாகாது.

1948இல் தோன்றிய மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு இதில் தனித்த இடம் உண்டு. சல்பைடைக் குறைத்து நொதிகளால், அதாவது புரதத்தைச் சிதைக்கும் இயற்கை வினையூக்கிகளால், முடி நீக்கும் முறையை அந்நிறுவனம் நெடுங்காலமாக வளர்த்துவருகிறது; பாலாற்றுக்கு அது பெரும் நன்மை. ஆயினும் 1969இல் இங்கிலாந்தின் சலவைத்தூள் ஆலைத் தொழிலாளரிடம், இதே இனத்தைச் சேர்ந்த புரதச்சிதைவு நொதியின் தூள் ஆஸ்துமாவை உண்டாக்கியது கண்டறியப்பட்டது. நொதியைப் பறக்காத குறுமணிகளாக உருட்டிய பின்னரே அங்கு நோய் பெரிதும் தணிந்தது. ஆற்றைக் காக்கும் ஒரு மாற்றம், தூளாகக் கொட்டப்பட்டால், டிரம்மருகே நிற்பவரின் நுரையீரலுக்குப் பகையாகலாம்; கரைசலாகவோ குறுமணியாகவோ வழங்கப்பட்டால் இரண்டும் பிழைக்கும். தோல் வேதியியலாளரும் நுரையீரல் மருத்துவரும் தொடக்கத்திலேயே கலந்து பேசினால் ஒரு வரிக் குறிப்பில் முடியும் செய்தி இது.

மருத்துவத் தரப்பில் இவ்வட்டாரம் வளமானது. 1900இல் ஐடா ஸ்கடர் தொடங்கிய ஒற்றைப் படுக்கைச் சிகிச்சையகத்திலிருந்து வளர்ந்த வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி, 1977 முதல் கே.வி.குப்பம் வட்டாரத்தில் நடத்திவரும் ஊரக சுகாதாரப் பிரிவின் வழியே ஊர்ப் பணியில் நெடிய அனுபவம் உடையது, அடுக்கம்பாறையில் அரசு மருத்துவக் கல்லூரி உள்ளது, வேலூரில் இ.எஸ்.ஐ. மருத்துவமனை உள்ளது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2024இல் தொழிலிடங்களுக்கும் விரிந்து, இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் ஆலைக்குள்ளேயே பார்க்கிறது. தொற்றா நோய்களுக்கான தேசியத் திட்டம் 2023இல் ஆஸ்துமாவையும் தன் வரம்பில் சேர்த்திருப்பதால், மக்களைத் தேடி மருத்துவக் குழு தன் பையில் ஒரு பீக் ஃப்ளோ மீட்டரையும் ‘விடுமுறையில் மூச்சு எளிதாகிறதா?’ என்ற ஒற்றைக் கேள்வியையும் சேர்த்துக்கொள்ளத் தடையேதும் இல்லை.

மருந்துக் கடைகளை இத்தகைய திட்டங்கள் பெரும்பாலும் மறந்துவிடுகின்றன. பின்லாந்து 1994 முதல் 2004 வரை நடத்திய தேசிய ஆஸ்துமாத் திட்டம், மருத்துவர், செவிலியர் ஆகியோரோடு மருந்துக் கடைகளிலும் ஆஸ்துமாவுக்குப் பொறுப்பான ஒருவரைப் பயிற்றுவித்து வலையமைத்தது. 1993இல் ஆண்டுக்கு 1,10,000ஆக இருந்த ஆஸ்துமா மருத்துவமனை நாள்கள் 2003இல் 51,000ஆகக் குறைந்தன. விரிப்பு மருந்தை மாதம் இருமுறை வாங்குபவர் யார் என்பதை ஆம்பூர் பஜாரில் முதலில் அறிபவர் கடைக்காரரே. இன்ஹேலர் பழக்கமாகிவிடும் என்ற அச்சத்தைப் போக்குவதற்கும் கடை மேசையே தக்க இடம்.

இவ்வட்டாரத்து முஸ்லிம் தொழிலாளரை எட்ட, பள்ளிவாசல் ஜமாஅத்துகளின் துணையும் அதே அளவு தேவைப்படுகிறது. நோன்பு நாளில் இன்ஹேலர் எடுத்தால் நோன்பு முறியுமா என்பதில் மார்க்க அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. அந்த ஐயத்தால் மருந்தை நிறுத்திவிடுவோரும் உண்டு. பெரும்பாலான தடுப்பு மருந்துகளை நாளுக்கு ஒருமுறையோ இருமுறையோ எடுத்தால் போதுமாகையால், ஸஹரிலும் இஃப்தாரிலும் அவற்றை எடுத்துக்கொள்ள இயலும். ரமலானுக்கு முந்திய ஜும்ஆவில் மருத்துவரின் இந்தக் குறிப்பை இமாம் எடுத்துரைத்தால், எந்தச் சுவரொட்டியும் எட்டாத வீடுகளுக்கு அது எட்டும்.

இவ்வாறு எண்ணிவந்த நிறுவனங்கள் எதிலும் பெயர் பதியாத ஒரு கூட்டம் எஞ்சி நிற்கிறது. காலணியின் மேற்பகுதியை, அதாவது ‘அப்பரை’, வீட்டிலிருந்தபடி ஒரு சோடிக்கு இவ்வளவு என்ற கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் பெண்களுக்கு இ.எஸ்.ஐ. அட்டை இல்லை, அவர்களின் வீடு சட்டத்தின் பார்வையில் தொழிற்சாலையாகாததால் ஆய்வாளர் அங்கு வருவதும் இல்லை. ஒட்டும் வேலையும் சேர்ந்து வீட்டுக்கு வருமானால், பசையின் ஆவியும் விறகடுப்பின் புகையும் ஒரே அறையில் கலக்கின்றன, குழந்தையும் அவ்வறையிலேயே உறங்குகிறது. அவ்வீட்டுக் கதவைத் தவறாமல் தட்டுபவர் இருவர்: மாத்திரைப் பெட்டியோடு வரும் மக்களைத் தேடி மருத்துவத்தின் தன்னார்வலர் ஒருவர், அப்பர்களை மூட்டையாகக் கொண்டுவந்து இறக்கிக் கணக்குப் பார்க்கும் இடைத்தரகர் மற்றொருவர். முன்னவர் அரசோடு பிணைந்தவர். பின்னவர் ஏதோ ஓர் ஏற்றுமதி ஆலையின் கணக்கேட்டோடு பிணைந்தவர். எந்தெந்த வீடுகளுக்கு மூட்டை செல்கிறது என்ற பட்டியலை அவ்வாலை தன்னார்வலரிடம் கொடுக்குமானால், பசை வேலையை வீட்டுக்கு அனுப்பாமல் காற்றுறிஞ்சி பொருத்திய கூடத்திலேயே வைத்துக்கொள்ள அது இசையுமானால், கூட்டணி அந்தக் கதவுவரை சென்றிருக்கும்.